சுவரெழுத்தும் மதுரையும்

“சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுத வேண்டும்” என்பது நம்மவர் நாவில் என்றும் வழங்கும் பழமொழி. உடல்நலத்தைப் பேணுக என்னும் அறிவுரையாகவே அதனை நாம் பெரிதும் கையாண்டு வருகிறோம். ஆயினும் மதுரையில் வாழ்பவர் அதனை நேர்ப்பொருளிலேயே கொள்ளலாம். தமிழெழுத்தின் வரலாற்றில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஏடுகளுள் சில, இந்நகரைச் சூழ்ந்த குன்றுகளின் பாறைச் சுவர்களே ஆகும்.

பழமொழியில் உள்ள ‘எழுத’ என்னும் சொல்லையும் கவிஞர் பெருமக்கள் நோக்க வேண்டுகிறேன். நம் மொழியில் பாட்டும் எழுதப்படுவது, ஓவியமும் எழுதப்படுவது. எழுத்தாளன் கையையும் ஓவியன் கையையும் ஒரே வினைச்சொல்லால் சுட்டிய மரபு நம்முடையது. எனவே தெருச்சுவரில் தீட்டப்படும் எழுத்தையும் படத்தையும் பற்றிப் பேசுவது, இலக்கிய வட்டத்தின் ஆண்டு மலருக்குப் புறம்பான செய்தி ஆகாது என்று நம்புகிறேன்.

நாள் எண்ணிய சுவர்

தமிழிலக்கியம் காட்டும் முதற் சுவரெழுத்தாளர் ஒரு பெண். பொருள்தேடிப் பிரிந்த தலைவன் வரும் நாளை எண்ணி, மனைச் சுவரில் நாளுக்கொரு கோடு இழைத்து, அதனையே நோக்கியிருக்கும் தலைவியை அகப்பாடல்கள் காட்டுகின்றன. திருக்குறளின் 1261ஆம் பாவில் அந்தக் கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணியே அவள் விரல் தேய்ந்துவிடுகிறது. சுவரில் இழைத்தவை என்பதைப் பரிமேலழகர் தம் உரையில் விளக்கிச் செல்கிறார்.

அவள் இழைத்தவை எழுத்துகள் அல்ல, வெறுங் கோடுகள். யாருக்கும் காட்டுதற்காக இழைத்தவையும் அல்ல. ஆயினும் சுவரில் எழுத நேரும் மனித மனத்தின் முதற் காரணத்தை அவை சொல்லிவிடுகின்றன. சொல்ல ஒரு செய்தி இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. அந்நிலையில் கைக்கு எட்டிய சுவரே துணை.

ஓட்டில் கீறிய பெயர்

மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரையை அடுத்த கீழடியில் 2015ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. பின்னர்த் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அப்பணியை ஏற்று நடத்தியது. செங்கற் கட்டடங்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டமை பலரும் அறிந்தது. நம் பொருளுக்கு உரியவை பானை ஓடுகள். மாநிலத் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்ததாகவும், குறியீடுகள் கீறிய ஓடுகள் ஆயிரத்தைக் கடந்ததாகவும் கூறுகிறது. அங்குக் கிடைத்த கரிமச் சான்றொன்றைக் கொண்டு, அவ்வாழ்விடத்தின் தொன்மையைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுவரை அவ்வறிக்கை கொண்டுசெல்கிறது.

பானை ஓட்டில் கீறிய இக்குறிகளுக்கு மேலைநாட்டுத் தொல்லியலார் வழங்கும் பெயர் ‘கிராஃபிட்டி’ என்பதாகும். இன்று உலக நகரங்களின் சுவர்களில் இளைஞர் தீட்டும் எழுத்துக்கும் அதுவே பெயர். நாம் ‘கீறல்’ என்கிறோம். சுட்ட பானையின் தோளில் கூரிய முனையால் ஆதன், குவிரன் எனக் கீறியவர் அரசரும் அல்லர், புலவர் என்று அறியப்பட்டவரும் அல்லர். தம் வீட்டுப் பானையைத் தமது என்று அடையாளமிட விரும்பிய குடிமக்கள். ஒரு பெயரை எழுத அரண்மனைப் பொறியாளன் வேண்டுவதில்லை என்ற நிலை, அந்நாளைய வைகைக் கரையில் இருந்தது என்பதே இவ்வோடுகள் தரும் பெருஞ்செய்தி.

மலையில் வெட்டிய பெயர்

ஓட்டிலிருந்து பாறைக்கு வருவோம். மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டாரத்து மீனாட்சிபுரத்தை ஒட்டிய குன்றில், மாங்குளம் கல்வெட்டுகள் என வழங்குபவை உள்ளன. இராபர்ட் சீவல் என்பார் 1882இல் இவற்றை வெளியுலகுக்கு அறிவித்தார். எழுத்து பிராமி வகை எனத் தெரிந்ததே அன்றி, மொழி இன்னதெனத் தெளிவாகவில்லை. 1924ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர், இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று நிறுவினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் ஆராய்ந்து, நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் மாங்குளத்தில் இருப்பதை எடுத்துக்காட்டினார். கணி நந்தன் என்னும் சமண முனிவர்க்கு, அவ்வரசனின் பணியாளனாகிய கடலன் வழுதி பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அங்கே வெட்டப்பட்டுள்ளது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவும் கொடையாளராக இடம்பெறுகிறது.

மாங்குளத்தில் அரசன் பெயர் உண்டு. அழகர்மலைக்கு வந்தால் அரசனும் இல்லை. கிடாரிப்பட்டியை அடுத்த குகைத்தளத்தின் நெற்றியில், மதுரையை ‘மத்திரை’ என எழுதிய கை, கடைத்தெருவையே அங்கே நிறுத்திவிட்டது. பொன்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன் ஒருவன், பாணிதம் என்னும் வெல்லப்பாகு விற்பவன் ஒருவன், கலப்பைக்கு உரிய கொழு விற்பவன் ஒருவன், அறுவை என்னும் துணி விற்பவன் ஒருவன். இவர்கள் துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துத் தந்தவர்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்தவர்கள்.

இந்தப் பெயர்ப்பட்டியலைப் படிக்கையில் சங்க இலக்கியம் பயின்றவர் செவியில் வேறொரு பட்டியல் ஒலிக்கும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்; மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார்; மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். ஊர், தொழில், பெயர் என்னும் அதே வரிசை. அழகர்மலைத் துணி வணிகனும் அகநானூற்றுத் துணி வணிகனும் ஒருவரே என்று சொல்ல நான் துணியவில்லை, பெயர்கள் வேறு. ஆனால் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லத் தடையில்லை. பாறையில் பெயர் வெட்டுவித்த வகையினரும் பாட்டில் பெயர் பதித்த வகையினரும் ஒருவரே. தமிழ்க் கவிதை மதுரைக் கடைவீதியிலும் பிறந்தது என்பதற்கு அக்குகை சான்றாக நிற்கிறது.

கண்ணாடிச் சுவர்

திருப்பரங்குன்றத்துக் குகைக் கல்வெட்டொன்று, எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனைக் குறிப்பிடுகிறது. கடல்கடந்த உறவு அந்நாளிலேயே மதுரைக் குன்றில் பதிந்துவிட்டது. அந்த ஈழத்திலும் சுவரெழுத்தின் அரிய வரலாறு ஒன்றுண்டு. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்பன் என்னும் மன்னன் சிகிரியாப் பாறைமேல் அரண் அமைத்து, பாறையின் பக்கத்தே பெண்களின் ஓவியங்களைத் தீட்டுவித்தான். அவன் காலத்துக்குப் பின் அரண்மனை பாழ்பட்டது, ஓவியங்கள் எஞ்சின. காண வந்தோர், ஏறும் வழியில் உள்ள மெருகிட்ட சுண்ணச் சுவரில் தம் வியப்பைப் பாட்டாகக் கீறிச் சென்றனர். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை இவ்வழக்கம் மிகுந்திருந்தது. துறவியர் எழுதினர், படைவீரர் எழுதினர், பெண்டிரும் எழுதினர். பேராசிரியர் செனரத் பரணவிதான 685 பாக்களைப் படித்து 1956இல் நூலாக்கினார். சிங்கள மொழியின் பழங்கவிதையை அறிய இன்று அந்தச் சுவரே பெருந்துணை.

ஓவியத்தைக் கண்டவன் அதன்மேல் கீறாமல், எதிரே இருந்த வெறுஞ்சுவரில் பாடினான் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். இக்கட்டுரை முடியுமுன் அந்த வேறுபாடு நமக்குத் தேவைப்படும்.

தூரிகையின் தெரு

நாயக்கர் காலத்தில் மதுரைச் சுவர்கள் எழுத்திலிருந்து படத்துக்குத் திரும்பின. மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சூழ்ந்த சுவர்களில் திருவிளையாடற் காட்சிகள் தீட்டப்பட்டிருந்தன. அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் இராமாயணம் வண்ணத்தில் விரிகிறது; காட்சிகளுக்குத் தமிழில் விளக்க வரிகளும் உண்டு. படிக்கத் தெரிந்தவன் வாய்விட்டுப் படிக்க, தெரியாதவன் படத்தைப் பார்த்துக் கேட்டிருப்பான். ஏடு ஒருவர் கையில் ஒடுங்குவது; சுவரோ ஒரே வேளையில் ஊரார் பலர்க்கும் உரியது.

அந்தப் பொதுமையை இருபதாம் நூற்றாண்டு நன்கு அறிந்துகொண்டது. 1952ஆம் ஆண்டு ‘பராசக்தி’ படத்துடன் மதுரையில் தங்கம் திரையரங்கு திறக்கப்பெற்ற காலத்திலிருந்து, நடிகர் முகங்களை இரண்டாள் மூன்றாள் உயரத்துக்குத் துணியில் தீட்டிய பதாகை ஓவியர்களின் கைவண்ணத்தை இந்நகரம் நாள்தோறும் கண்டது. அரசியல் இயக்கங்கள் சுவரைத் தம் நாளேடாக்கின. 1965 ஜனவரியில் மதுரையில் மூண்ட மொழிப் போராட்டத்தின் முழக்கங்கள் வாய்மொழியாக மட்டுமன்றிக் கரியெழுத்தாகவும் பரவின.

அந்நாளைய சுவரெழுத்துக்காரரின் தொழில் எளியதன்று. தேர்தல் வருமுன்பே இன்ன கட்சிக்கு என ஆண்டைக் குறித்துச் சுவரைப் பிடித்துவைப்பர். பிறகு பழைய எழுத்து மறையச் சுண்ணாம்பு அடிப்பர். நூலில் நீலம் தோய்த்து, இருவர் இருமுனையில் இழுத்துப் பிடித்துத் தெறிக்க, நேர்கோடு விழும். அந்த இரு கோடுகளுக்கிடையே தூரிகை நடக்கும். வண்ணப்பொடியும் வச்சிரமும் கலந்த குழம்பு வழிந்துவிடாத பதத்தில் இருக்க வேண்டும். ‘ழ’கரத்தின் சுழியும் ‘ண’கரத்தின் வளைவும் பத்தடிச் சுவரில் கோணாமல் வர வேண்டும். எழுத்துக்கு நிழல் கொடுத்து அதனைச் சுவரிலிருந்து எழுந்து நிற்கச் செய்வதில் சிலர் பெயர்பெற்றிருந்தனர். பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய சிறுவர் பலர்க்கு, பேருந்துச் சன்னலில் ஓடிய அந்தச் சுவர்களே இரண்டாம் பாடநூல். நானும் அவர்களுள் ஒருவன்.

பொதுவிடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் இம்மாநிலத்தில் 1959இலேயே இயற்றப்பட்டதாயினும், சுவரெழுத்து அதனால் பெரிதும் குன்றவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணினியில் அச்சிடும் பிளக்ஸ் பதாகை வந்தது. அதன்பின் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாடுகள் நகரச் சுவர்களில் இறுகின. இவ்விரண்டுக்கும் இடையே தூரிகைக்காரர் நலிந்தனர். சுவர்கள் தூய்மை பெற்றன என்பது உண்மை. ஒரு கைத்தொழில் பெயர்ப்பதிவு இன்றி மறைந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை. அழகர்மலைப் பொன்கொல்லனின் பெயர் நமக்குத் தெரியும். நம் தெருமுனையில் முப்பது ஆண்டு எழுதியவரின் பெயர் நமக்குத் தெரியாது.

பெயர்மேல் பெயர்

சில ஆண்டுகட்கு முன் இளங்கவிஞர் ஒருவருடன் அழகர்மலைக் குகைத்தளத்துக்குச் சென்றிருந்தேன். ஊரார் அதனைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர். துறவியர் கிடந்த கற்படுக்கைகளின்மேல் அண்மைக்காலத்தார் தம் பெயர்களைக் கீறியும் வண்ணத்தால் எழுதியும் வைத்திருந்தனர். ஆண்பெயர், பெண்பெயர், இடையே ஓர் இதயம். கீறாத இடம் அரிதாய் இருந்தது. பழைய எழுத்துகள் குகையின் நெற்றியில், கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தமையால் பிழைத்திருந்தன.

நான் சினந்து ஏதோ சொன்னேன். உடன்வந்தவர் மெல்லக் கேட்டார்: “ஐயா, மேலே இருப்பதும் பெயர்தான், கீழே இருப்பதும் பெயர்தான். இரண்டாயிரம் ஆண்டு கழித்து இதையும் கல்வெட்டு என்று ஒருவர் படியெடுக்க மாட்டாரா? மேலே உள்ளவனைப் போற்றிக் கீழே உள்ளவனை வைவது என்ன நீதி?”

அன்று எனக்கு விடை தோன்றவில்லை. அவர் கேள்வி அண்மையில் மேலும் கூர்மை பெற்றது. எகிப்து நாட்டில், அரசர் பள்ளத்தாக்கு என வழங்கும் பழங்கல்லறைகளின் உட்சுவர்களில் தமிழி எழுத்துகள் இருப்பதை அறிஞர்கள் கண்டறிந்துள்ளனர். கிறித்து பிறந்த பின்னைய முதற் சில நூற்றாண்டுகளில், கடல்வாணிகம் கருதிச் சென்ற நம்மவர் எழுதியவை. சிகை கொற்றன் என்பான் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் தன் பெயரைக் கீறியுள்ளான். வந்து கண்டான் என்ற பொருள்படவும் எழுதியுள்ளான். செய்தி கேட்டு நாம் அனைவரும் மகிழ்ந்தோம். மகிழ்ந்த பின்னரே எனக்கு உறுத்தியது. பிறர் நாட்டு மன்னரின் துயிலிடத்தில் தன் பெயரைக் கீறிய கொற்றனைப் போற்றி, கற்படுக்கையில் தன் காதலி பெயரைக் கீறிய மேலூர் இளைஞனை எவ்வாறு வைவது?

இன்று எனக்குத் தோன்றும் விடை இது. பழமை ஒரு செயலைத் தூயதாக்குவதில்லை. கொற்றனின் எழுத்து வரலாற்றுக்குப் பெருஞ்சான்று. ஆயினும் அவன் செய்தது நன்றன்று. இரண்டையும் ஒருங்கே சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும். சுவரெழுத்தை அளக்க வேண்டிய கோல் காலம் அன்று. அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதே. கீழடியான் தன் பானையில் கீறினான். அழகர்மலை வணிகர் தாம் கொடுத்த இடத்தில், வெறும்பாறையில் வெட்டுவித்தனர். சிகிரியாவில் பாடியவன் ஓவியத்தைத் தொடாமல் எதிர்ச்சுவரை நாடினான். இவர்கள் எவரும் மற்றொருவர் எழுத்தை அழித்து எழுதவில்லை. கற்படுக்கையில் கீறியவனோ, தனக்கு முன் அங்கிருந்தவனின் ஒரே தடயத்தைச் சிதைத்தான். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போர்க்குச் சிறையும் தண்டமும் வகுக்கிறது. 2010இல் அத்தண்டனை கடுமையாக்கவும் பட்டது. சட்டம் செய்யக்கூடியது அவ்வளவே.

ஆயினும் அவ்விளைஞனுக்காகவும் ஒரு சொல் சொல்ல வேண்டும். நகரத்துச் சுவர்களைக் கட்சிக்கும் திரைப்படத்துக்கும் கடைக்கும் காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் கொடுத்த நாம், அவனுக்கு எந்தச் சுவரைக் கொடுத்தோம்? சென்னைக் கண்ணகி நகரில் 2020ஆம் ஆண்டு, மறுகுடியமர்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புச் சுவர்களில் ஓவியர்கள் பெரும்படங்களைத் தீட்டினர். அதுவரை இழிபெயரே சுமந்த பகுதியைப் பிறர் காண வந்தனர். மதுரையிலும் பொதுச்சுவர்களில் கோபுரமும் ஏறுதழுவுதலும் தீட்டப்படுவதைக் காண்கிறோம். நல்ல தொடக்கம். அவற்றுடன் அவ்வத்தெருவின் பிள்ளைகள் தாமே எழுதவும் ஒரு சுவர் இருந்தால், மலைக்குச் செல்லும் கைகள் சிலவேனும் அங்கே நின்றுவிடும்.

சுவர் நிலைக்க

இறுதியாக, தொடங்கிய பழமொழிக்கே வருகிறேன். சித்திரத்தைச் சிதைப்பவனைக் கண்டு சினக்கும் நாம், சுவரையே பெயர்ப்பவரை மறந்துவிடலாகாது. மேலூர் வட்டாரத்தில் கருங்கல் வெட்டியெடுத்ததில் குன்றுகள் பல உருக்குலைந்தன. அம்முறைகேடுகளை ஆராய 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் உ. சகாயம் அவர்களை அமர்த்தியது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி, தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. மாங்குளம் கல்வெட்டுகள் உள்ள குன்றும், பழந்தமிழ் எழுத்துடைய அரிட்டாபட்டிக் குகையும் அவ்வட்டாரத்தன. ஈராண்டு கழிந்து 2024 நவம்பரில், அப்பகுதியையும் உள்ளடக்கிய பெருநிலத்தில் டங்ஸ்டன் கனிமம் எடுக்கும் உரிமை ஏலத்தில் போயிற்று என்ற செய்தி வந்தது. ஊர்கள் எழுந்தன. 2025 ஜனவரியில் உழவரும் பெண்டிரும் மதுரை நோக்கிப் பேரணியாய் நடந்தனர். அம்மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு அந்த ஏலத்தை நீக்கியது.

அன்று நடந்தவர்களுள் பெரும்பாலோர் நெடுஞ்செழியன் பெயரைத் தமிழி எழுத்தில் படிக்க அறியாதவர்கள். ஆனால் அந்த மலை தங்களுடையது என்பதை அறிந்தவர்கள். படிக்க அறிந்த நாம் அவர்கட்குக் கடன்பட்டுள்ளோம்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் அக்கடனைத் தீர்க்கத் தொடங்கலாம். ஆண்டுக்கொரு முறை உறுப்பினர்கள் ஒரு குன்றுக்குச் சென்று, அங்குள்ள பெயர்களை வாய்விட்டுப் படித்து வரலாம். அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகட்கு அந்த எழுத்தைக் கற்பிக்கலாம். மேலே இருப்பது தன் ஊராரின் பெயர் என்று படித்தறிந்த பிள்ளை கீழே கீறுவதற்குத் தயங்கும். மதுரைத் தெருக்களில் தூரிகை பிடித்து இன்னும் நம்மிடையே வாழும் முதியோரைத் தேடிக் கண்டு, அவர்கள் கையெழுத்தைப் படமாகவும், அவர்கள் சொல்லும் தொழில்நுட்பத்தை எழுத்தாகவும், அவர்கள் விரும்பினால் அவர்தம் பெயரையும் பதிந்து வைக்கலாம். அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய பக்கங்கள் சில இடம்பெறுமாயின், நம் வட்டம் செய்த பணிகளுள் அதுவும் ஒன்றாக நிற்கும்.

உப்பு விற்றவன் பெயரை இரண்டாயிரம் ஆண்டு காத்த ஊர் இது. எழுதியவன் பெயரையும் காக்கட்டும்.